வசனத் தகடு

சபையில் முழு அங்கமாகச் சேர்வதற்காக சுகிர்தம் டீச்சர் எடுக்கும் திடப்படுத்தல் வகுப்பில் எல்லாரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஞானாயுதம் அண்ணாச்சி ஒருவருக்குத்தான் மீசை நரைத்திருந்தது.

பிஷப் பெத்தேல்விளைக்கு வந்து பிள்ளைகளைத் திடப்படுத்திய வருஷங்களில் எல்லாம் அண்ணாச்சி லாரியோடு எங்காவது வெளிமாநிலத்தில் இருந்தார். கல்யாணம் ஆகி, பையன் வளர்ந்து, அவனும் திடப்படுத்தல் எடுத்து முடித்த பிறகுதான் அவருக்கு வெட்கம் வந்தது. வந்ததோடு நிற்காமல் வகுப்புக்கும் வந்துவிட்டார். முன்வரிசையில் சிறுவர்களோடு இடித்துக்கொண்டு உட்காருவார். டீச்சர் அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

அவர் லாரியைப் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கும். உள்ளே சிலுவை. பின்னால் கண் திருஷ்டிக்கு நாக்கைத் துருத்திய ஒரு பூதத்தின் முகம். ரோட்டில் எது எப்போது கை கொடுக்கும் என்று யாருக்குத் தெரியும் என்பது அவர் கட்சி.

டீச்சர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குறி கேட்பது, நாள் பார்ப்பது, மந்திரம் வைப்பது எதுவும் என் ஜனத்துக்கு வேண்டாம் என்று கர்த்தர் சொன்ன பகுதியைப் பாடம் எடுத்தார். மறுநாள் லாரியில் எலுமிச்சம்பழம் இல்லை. பூதமும் இல்லை. ஊரே ஆச்சரியப்பட்டது. அதற்கு அடுத்த ஞாயிறு அண்ணாச்சி எழுந்து நின்றார். ராத்திரி பகலாக அந்தக் கேள்வியையே அசை போட்டிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது.

“டீச்சர், இதையெல்லாம் வேண்டாங்காரே கர்த்தர். அது பொய்ங்கிறதுனால வேண்டாங்காரா? இல்ல, மெய்ங்கிறதுனால வேண்டாங்காரா?”

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

“நல்ல கேள்வி அண்ணாச்சி. பாத்துட்டுச் சொல்லுதேன்.”

“எதைப் பாத்துட்டு?”

“உங்களைத்தான்.”

அண்ணாச்சிக்கு இது புரியவில்லை. ஆனால் அவருக்கு அப்போது வேறு வேலை தலைக்கு மேல் இருந்தது. அசனப் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது.

பெத்தேல்விளையில் அசனம் என்றால் சாப்பாடு பாதி, கபடி பாதி. பெரிய அண்டாக்களில் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் ஆக்கி, ஊர் முழுக்க ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடும். அதே நாளில் கோயில் மைதானத்தில் சுற்றுவட்டார அணிகள் மோதும். அண்ணாச்சிதான் ஊர் அணிக்குப் பயிற்சியாளர். அவருடைய பையன் ஆல்வின்தான் அணியின் தூண். எதிரணிப் பக்கம் பாடிப் போனால் யாரையாவது தொடாமல் திரும்புவது அபூர்வம்.

அந்தப் பையனை அண்ணாச்சி உருவாக்கிய விதமே தனி. கால் வலுப்பதற்காகச் சின்ன வயதிலிருந்தே தேரிக் காட்டுச் செம்மணலில் ஓடவிட்டார். மணல் காலை இழுக்கும். அதில் ஓடிப் பழகியவனுக்குக் கட்டாந்தரையில் றெக்கை முளைத்த மாதிரி இருக்கும். லாரியில் இருந்து வீட்டுக்கு வருகிற நாளில் எல்லாம் சாயங்காலம் இரண்டு பேரும் தேரியில்தான் கிடப்பார்கள். அண்ணாச்சி எதிராளியாக நிற்பார். பையன் பாடி வருவான். இருட்டும் வரை இரண்டு பேரும் விழுந்து புரண்டு சிவப்பு மண்ணோடு வீட்டுக்கு வருவார்கள். அண்ணாச்சியின் வீட்டுக்கார அம்மாவுக்குத் துணி துவைத்தே பாதி உயிர் போனது.

ஆட்டத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு முறை பாடப் போகும் முன்பும் ஆல்வின் நடுக்கோட்டில் நின்று அப்பாவைத் திரும்பிப் பார்ப்பான். அண்ணாச்சி வெளியில் நின்று விரலைக் காட்டுவார். ஒரு விரல் என்றால் இடது மூலை. இரண்டு என்றால் வலது மூலை. மூடிய கை என்றால் பொறு, அவசரப்படாதே. உள்ளூர்க்காரர்கள் ஆட்டத்தைப் பாதி பார்ப்பார்கள், அண்ணாச்சியின் கையைப் பாதி பார்ப்பார்கள்.

இந்த வருஷம் விஷயம் பெரியது. ஒரு அரசுத் துறை அணியின் தேர்வாளர் ஆட்டம் பார்க்க வருகிறார் என்று தெரிந்தது. ஜெயிக்கிற அணியிலிருந்து இரண்டு பேரை எடுத்துக்கொள்வாராம். எடுத்தால் விளையாட்டோடு வேலையும் கிடைக்கும். ஆல்வின் படிப்பு முடித்து வேலை இல்லாமல் இருந்தான். அண்ணாச்சிக்குத் தூக்கம் போய்விட்டது.

தூக்கம் போனவர் டவுனில் ஒரு ஜெபக்காரரிடம் போனார்.

அசனத்தன்று காலையில் டீச்சர் பந்தலில் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி மூச்சு வாங்க ஓடி வந்தார். மகனையும் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தார். அவன் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார். சிவப்பு நூலில் ஒரு சின்னச் செப்புத் தகடு சுருட்டிக் கட்டியிருந்தது.

தப்பாக நினைக்க வேண்டாம், இது மந்திரத் தகடு இல்லை, உள்ளே வேத வசனம் பொறித்திருக்கிறது, உபவாசம் இருந்து ஜெபித்துக் கொடுத்தது என்று அவர் படபடவென்று சொன்னார். சொல்லும்போதே டீச்சரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார்.

“என்ன வசனம்?” என்று டீச்சர் ஆல்வினைக் கேட்டார்.

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா அவனைப் பார்த்தார்.

“படிக்கலையா?”

“படிக்கதுக்கு இல்ல டீச்சர்,” என்றார் அண்ணாச்சி. “இது கட்டிக்கிடதுக்கு.”

டீச்சர் இலையைத் துடைத்து அடுக்கிவிட்டு அடுத்த இலையை எடுத்தார். அண்ணாச்சிக்கு உள்ளூரக் கொஞ்சம் உறுத்தியது. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

முதல் ஆட்டம் தொடங்கியது. நடுக்கோட்டில் ஆல்வின் நின்றான். இடுப்பில் கை வைத்துத் தகட்டைத் தொட்டான். கண்ணை மூடித் திறந்தான். பாடிப் போனான். போன வேகத்தில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தான். மைதானம் அதிர்ந்தது.

அண்ணாச்சிக்குப் புல்லரித்தது. அடுத்த முறையும் தகட்டைத் தொட்டான், போனான், தொட்டான், வந்தான். ஆட்டம் ஒருதலைப்பட்சமாக முடிந்தது. இரண்டாவது ஆட்டமும் அப்படியே. அண்ணாச்சி விரல் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி நின்றார். அவ்வப்போது டீச்சர் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பதுபோல் தலையை ஆட்டினார். டீச்சர் எல்லைக் கோட்டை ஒட்டி ஒரு வாளியில் எலுமிச்சைச் சாறு கரைத்து ஆட்டக்காரர்களுக்கு ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அரையிறுதியில் எதிரணி கொஞ்சம் கெட்டிக்கார அணி. அண்ணாச்சி பழக்கத்தில் ஒரு விரலை உயர்த்தினார். ஆல்வின் அந்தப் பக்கமே திரும்பவில்லை. தகட்டைத் தொட்டுவிட்டுப் போய்விட்டான். அப்படியும் ஜெயித்தான். அண்ணாச்சி உயர்த்திய விரலால் மீசையைத் தடவிக்கொண்டார்.

சாயங்காலம் இறுதி ஆட்டம். எதிரே ஆலடிக்குளம். பாடிப் போகிறவனுக்கு இடது பக்கம் வரும் மூலையில் ஒரு ஆள் நின்றான். பனைமரத்துக்குக் கால்சட்டை போட்ட மாதிரி இருந்தான். அவன் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டான் என்று பேர்.

தேர்வாளர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மரத்தில், மதிலில், தண்ணீர்த் தொட்டியின் மேல் எல்லாம் ஆட்கள். கோயில் மணி அடிக்கிறவர் வேலையை மறந்து மணிக்கயிற்றைப் பிடித்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆட்டம் கயிறு இழுக்கிற மாதிரி போனது. இவர்கள் ஒன்று எடுத்தால் அவர்கள் ஒன்று. அவர்கள் இரண்டு எடுத்தால் இவர்கள் இரண்டு. மூலைக்காரன் ஆல்வினை இரண்டு தடவை பிடித்துப் போட்டான். மூன்றாவது தடவையும் அவன் கணுக்காலைப் பிடிக்க, பக்கத்து ஆட்கள் மேலே விழ, ஒரே புழுதி. புழுதி அடங்கியபோது ஆலடிக்குளம் மூன்று புள்ளி முன்னால் இருந்தது. அடுத்துப் பாடி வந்த ஆலடிக்குளத்துக்காரனை இவர்கள் பிடித்துப் போட, வித்தியாசம் இரண்டாகக் குறைந்தது, வெளியே போன ஆல்வினும் மறுபடி உள்ளே வந்தான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பாட்டு. பாட வேண்டியவன் அவன்தான்.

நடுக்கோட்டில் வந்து நின்ற ஆல்வின் இடுப்பில் கை வைத்தான்.

கை அங்கேயே நின்றுவிட்டது. நூல் இல்லை. தகடு இல்லை.

அவன் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதோ தெரியவில்லை. தரையைப் பார்த்தான். காலால் புழுதியைக் கிளறினான். நடுவர் சீக்கிரம் என்று சைகை காட்டினார். கூட்டம் கத்தியது. அவன் கால் நகரவில்லை.

அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது. நேரம் கேட்டார். அரை நிமிஷம் கொடுத்தார்கள். கொடுத்த மறுகணமே அவர் மண்டியிட்டுப் புழுதியில் தேட ஆரம்பித்தார். வேட்டி அவிழ்ந்தது தெரியவில்லை. அணியின் பையன்களும் தேடினார்கள். விவரம் தெரியாத ஒருவர் சங்கிலி விழுந்துவிட்டதா என்று கேட்டு அவரும் தேடினார்.

“அண்ணாச்சி.”

டீச்சர்தான் கூப்பிட்டார். அவர் உள்ளங்கையில் தகடு இருந்தது. வாளிக்குப் பக்கத்தில் வந்து விழுந்திருக்கிறது.

அண்ணாச்சி பாய்ந்து வந்தார். டீச்சர் கையை மூடவில்லை. பின்னால் இழுக்கவும் இல்லை.

“எடுத்துக்கோங்க. நூல் அறுந்து கெடக்கு. முடிச்சுப் போட்டுக் கட்டத்தான் நேரம் இருக்கு. கட்டுனா அவன்கிட்ட பேச நேரமில்ல. பேசுனா கட்ட நேரமில்ல. ஏதாவது ஒண்ணுதான்.”

“டீச்சர், இது சோதிக்கிற நேரமா?” அவருக்கு அழுகை வந்துவிட்டது. “அவன் வேலை டீச்சர். எம்புள்ள பொழப்பு.”

“நான் சோதிக்கல. அவன் யாரைப் பாக்கான்னு மட்டும் பாருங்க.”

அண்ணாச்சி திரும்பினார்.

நடுக்கோட்டில் ஆல்வின் நின்றுகொண்டிருந்தான். தரையைப் பார்ப்பதை விட்டுவிட்டான். டீச்சர் கையில் இருந்த தகட்டையும் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். தேரியில் முதன்முதலாகப் பாடிப் போனபோது, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பார்ப்பானே, அந்தப் பார்வை.

தகட்டை நோக்கி நீண்ட கையை அண்ணாச்சி என்ன செய்தார் என்று அவருக்கே நினைவில்லை. அடுத்த நொடி அவர் மகனின் பிடரியைப் பிடித்து நெற்றியோடு நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

“ஏல, கேளு. அந்த மூலக்காரன் ஒவ்வொரு தடவையும் வலது காலத்தான் முன்னால வைக்கான். நீ வலப்பக்கம் போற மாதிரி போ. அவன் கால் வரும். வந்த உடனே குனிஞ்சு தொட்டுரு. தொட்டுட்டு நிக்காத, பக்கத்துல உள்ளவனுக்கும் கைய நீட்டு. நான் காலையில இருந்து அவன் ஆட்டத்தப் பாக்கேன்ல. உன்ட்டச் சொல்லத்தான் முடியல.”

“அப்பா, தகடு...”

“அத விடு. நான் நிக்கேன்.”

நடுவர் விசில் ஊதினார்.

ஆல்வின் கோட்டில் நின்று திரும்பிப் பார்த்தான். அண்ணாச்சி கையை மூடிக் காட்டினார். பொறு, அவசரப்படாதே. பையன் மூச்சை இழுத்தான். கபடி கபடி என்று உள்ளே போனான்.

வலப்பக்கம் போனான். எதிரணி முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. அண்ணாச்சியின் விரல் ஒன்று தானாக உயர்ந்தது. அதே நொடியில் மூலைக்காரனின் வலது கால் முன்னால் வந்தது. சொன்னபடியே வந்தது. ஆல்வின் தரையோடு தரையாகக் குனிந்து அந்தக் காலைத் தொட்டான். மைதானமே எழுந்து நின்றது. தொட்ட வேகத்தில் அடுத்தவனுக்குக் கையை நீட்டினான். விரல் நுனிக்கும் அவன் தொடைக்கும் நடுவே ஒரு நூல் போகிற இடைவெளி. அதற்குள் மூன்று பேர் அவனைப் பிடிக்கப் பாய்ந்தார்கள். ஒரு கையும் தன் மேல் படாமல் அவன் தரையோடு நழுவி ஊர்ந்தான். மூச்சு போகவில்லை, பாட்டு நிற்கவில்லை. ஊர்ந்து ஊர்ந்து வந்து நடுக்கோட்டில் கையை வைத்தான்.

விசில்.

மணிக்காரர் நிலைகொள்ளாமல் கயிற்றை இழுத்துவிட்டார். மணி அடித்தது. பாதிக் கூட்டம் ஜெயித்துவிட்டோம் என்று உள்ளே ஓடியது. நடுவர் ஒற்றை விரலை உயர்த்தினார்.

ஒரு புள்ளி. ஆலடிக்குளம் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது.

தேர்வாளர் நாற்காலியிலிருந்து எழுந்து ஆலடிக்குளம் பக்கம் நடந்தார். மூலைக்காரன் தோளில் கை போட்டு ஏதோ கேட்டார். இன்னொரு பையனையும் கூப்பிட்டார். பேர், விலாசம் எல்லாம் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஜீப் புறப்பட்டுப் போகும் வரை அண்ணாச்சி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அப்போது பின்னாலிருந்து யாரோ அவர் மேல் பாய்ந்தார்கள். தலை முதல் கால் வரை சிவப்பு மண். ஆல்வின்.

“அப்பா, பாத்தீங்களா, நீங்க சொன்னாப்லயே கால் வந்துச்சுப்பா. அப்படியே வந்துச்சு. நீங்க எப்படிப்பா கண்டுபிடிச்சீங்க? ரெண்டாவது ஆளும் கையில இருந்தான்பா, இன்னும் கொஞ்சம் நீட்டிருந்தா வந்திருப்பான். அத எப்படித் தொடுறதுன்னு சொல்லுங்க. நாளைக்குத் தேரிக்குப் போவோமா?”

தோற்ற பையன் பேசுகிற பேச்சு இல்லை அது. அவன் மண்ணில் உட்கார்ந்து மூலைக்காரன் கால் எப்படி வந்தது என்று செய்து காட்டினான். தான் எப்படி விழுந்தான் என்று விழுந்து காட்டினான். அண்ணாச்சியும் உட்கார்ந்துவிட்டார். கையை அப்படி இல்லை, இப்படி நீட்டியிருக்க வேண்டும் என்று பிடித்துத் திருத்தினார். இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஆலடிக்குளத்துக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்திலேயே மேளம் அடித்துப் போனார்கள். அது அவர்கள் காதில் விழுந்த மாதிரித் தெரியவில்லை.

கூட்டம் கலைந்து ஆல்வின் தண்ணீர் குடிக்கப் போன பிறகுதான் அண்ணாச்சிக்கு நடந்தது எல்லாம் சேர்ந்து உறைத்தது. எழுந்து டீச்சரிடம் வந்தார். டீச்சர் வாளியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். தகடு பக்கத்தில் ஒரு டம்ளருக்கு அடியில் இருந்தது. அண்ணாச்சி அதைக் கையில் எடுக்கவில்லை. ஆனால் அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. மனசுல உள்ளதக் கேக்கேன். இது இடுப்புல இருந்த வரைக்கும் எல்லா ஆட்டமும் ஜெயிச்சோம். அறுந்து விழுந்துச்சு, தோத்துட்டோம். எம்புள்ளைக்கு வேலையும் போச்சு. அப்போ இது மெய்தான? மெய்னு தெரிஞ்சும் எதுக்கு டீச்சர் வேண்டாங்காரு?”

டீச்சர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்தார். ஆல்வின் ஒரு கையில் டம்ளரோடு, இன்னொரு கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் திரும்பி அப்பா எங்கே என்று தேடினான்.

“மெய்யாவே இருக்கட்டும் அண்ணாச்சி,” என்றார் டீச்சர். “ஜெயிச்ச ஆட்டத்துல எல்லாம் உங்க பையன் ஒரு தடவையாவது உங்க முகத்தப் பாத்தானா?”

அண்ணாச்சி தகட்டை டம்ளருக்கு அடியிலேயே விட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மகனைப் பார்த்து நடந்தார்.